பிடிக்காத ஈயம்

றேடியோச் செற்றுக்கு வால்வோ கொண்டுவந்தனீர்? அதை உம்மடை பைக்குள்ளையே வையும், தம்பி. அந்தப் பழைய பிழை வால்விலை இருக்கேல்லை. படிச்ச ஆக்கள் எல்லாரும் வாசல்லை கால் வைக்க முந்தியே வால்வெண்டுதான் சொல்லுவினம். இரும், உந்தக் கதிரையிலை இரும். மாஸ்டர் அறைக்குள்ளை படுத்திருக்கிறார். திரும்பிப் போற லோஞ்சு வள்ளம் பின்னேரந்தானே, நெடுந்தீவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்த ஆளுக்கு என்ன அவசரம்?

ஓம், செற் இதுதான். இவ்வளவு காலமும் கொழும்பிலை நீர் கேட்ட மோர்ஸ் சத்தம் இந்தப் பெட்டிக்குள்ளையிருந்துதான் வந்தது. என்ன, முகம் சுருங்குது? பிஸ்கற் தகரத்தை வெட்டி அடிச்சவர். உள்ளுக்கை இருக்கிறதெல்லாம் பழைய றேடியோக்களிலை கழட்டினது. விஞ்ஞானம் படிப்பிக்கிற என்ரை மனிசன் அப்புத்துரை மாஸ்டர் தன்ரை கையாலை கட்டின செற்றெண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவர். கட்டின லட்சணத்தைக் கேளும்.

போன ஐப்பசியிலை தொடங்கினது. பற்றறியைக் கொழுவி அடிக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரம் நல்லாத்தான் போகும். சூடேறினவுடனை சத்தம் இழுபட்டு, கிணத்துக்கை விழுந்த பூனை மாதிரிக் கத்திப்போட்டு நிண்டிடும். ஆறவிட்டால் பிறகும் வரும். இவர் வால்வெண்டார். புதுசு எடுப்பிச்சுப் போட்டார், அதே பூனை. பிறகு பற்றறியாம். பிறகு உப்புக்காத்தாம். கடலுக்கு நடுவிலை இருந்துகொண்டு உப்புக்காத்தைக் குறை சொல்லுற மனிசன். கடைசியிலை, நான் குசினிக்கை தேங்காய் துருவப் பெட்டி அதிருதாம்.

அதுக்குப் பிறகு இவரோடை படிச்ச செல்வரத்தினம் எண்டொரு இஞ்சினியர் யாழ்ப்பாணத்திலையிருந்து வந்தார். மீற்றரை அங்கை குத்தி இஞ்சை குத்தி, மத்தியானம் நண்டுக்கறியோடை வடிவாச் சாப்பிட்டு, வயர் முழுக்க மாத்தோணும் எண்டிட்டு லோஞ்சேறினார். இதைச் சொல்ல ஒரு கடல் தாண்டி வந்தவர். கம்பியளை ஈயம் உருக்கிப் பிடிச்ச இடங்களை ஒருக்காப் பாருங்கோவன் எண்டு நான் சொன்னனான். உனக்குக் குசினி போதாதோ எண்டு இவர் சிரிச்சார். கலியாணத்துக்கு முந்தி நான் ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரிலை மோர்ஸிலை தந்தி அடிச்சனான், தம்பி. அதைக் கேள்விப்பட்டுத்தான் இவர் பொம்பிளை பாக்கவே வந்தவர். வந்து கட்டிக்கொண்டுபோய் அடுப்படியிலை விட்டார்.

வேறை ஆர், நான்தான் கண்டுபிடிச்சனான். சூடேற விட்டிட்டு, அகப்பைக் காம்பாலை ஒவ்வொரு பொருத்தா மெல்லத் தட்டினனான். மரமெண்டால் கரண்ட் ஏறாது. சுருள் கம்பிக்கு அடியிலை தட்டேக்கை சத்தம் துள்ளிச்சுது. மேலை ஈயம் அள்ளி அப்பிக்கிடக்கு, உள்ளை கம்பியை அது பிடிக்கவேயில்லை. சூட்டிலை விலகும், ஆறினால் ஒட்டும். வால்வுமில்லை, காத்துமில்லை. மாஸ்டரின்ரை கைவேலை.

அவர் என்னைத் தொட விட்டவரோ எண்டு கேக்கிறீர். விடாமல் என்ன செய்வார்? தையிலை ஒருநாள் இந்தப் பெட்டிக்கு மேலை குனிஞ்சிருந்த மனிசன் அப்பிடியே சரிஞ்சார். கரண்ட் அடிச்சிட்டுதெண்டு நான் பற்றறி வயரைத்தான் பிடுங்கினனான். கரண்டில்லை, பாரிசவாதம். வள்ளத்திலை ஏத்தி யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம். திரும்பி வரேக்கை வலக்கைக்கு உயிர் இல்லை, பேச்சும் இல்லை. அறைக்கதவுக்குள்ளாலை இந்தச் செத்த பெட்டியையே பாத்துக்கொண்டு கிடந்தார். அந்தப் பார்வைக்கு முன்னாலை நடந்து திரிய ஏலாமல்தான் நான் இதைத் திறந்தனான்.

ஈயத்தைத் திருப்பிப் பிடிச்சுப்போட்டு, ஆர் பேசுறதெண்டு காட்டுற அவரின்ரை அழைப்புக் குறியையே அடிச்சனான். முதல் மறுமொழி நீர்தான். இவ்வளவு நாளும் காணேல்லை, சுகமோ எண்டு கேட்டனீர். அறைக்குள்ளை ஒரு சத்தம். எட்டிப் பாத்தால் மனிசன் பாதி வாயாலை சிரிக்கிறார், கண்ணாலை வடியுது. நல்ல சுகம் எண்டு அடிச்சனான். வேறை என்னத்தை அடிக்க?

ஓம், மாசியிலையிருந்து உம்மோடை கதைக்கிறது நான்தான். மோர்ஸ் அடிக்கிற கையைக் கேட்டே ஆளைச் சொல்லுவம் எண்டு பீத்துறனீங்கள், ஒருத்தருக்கும் விளங்கேல்லை. போன மாசம் நீர், மாஸ்டர், உங்கடை கை இப்ப நல்லாத் திருந்தியிருக்கு எண்டு அடிச்சனீரெல்லோ. அண்டைக்கு முழுக்க அவர் என்னோடை கோவம். கஞ்சியும் குடிக்கேல்லை.

முழிச்சிட்டார் போலை. எழும்பி உள்ளை போம். போய், ஐயோ மாஸ்டர் எண்டு தொடங்காதையும். சிக்னல் நல்லாக் கேக்குதெண்டு சொல்லும், அவ்வளவு காணும்.