கொஸ்கொல்லை மின்நிலைய வாயிலில் ஊற்றப்பட்ட மூன்று போத்தல் நீர்

2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.40 மணி. பொலிஸ் நிலையம், முறைப்பாட்டுப் பிரிவு. முறைப்பாடு: அரச உத்தியோகத்தரின் கடமைக்கு இடையூறு விளைவித்தமை, நீர் மாதிரி அடங்கிய மூன்று கண்ணாடிப் போத்தல்களை எடுத்துச் சென்றமை. கூறுபவர் தமிழில் கூறியது தமிழிலேயே எழுதப்படுகிறது.

பெயர்: காசிம் லெப்பை ஸுபைதா உம்மா. வயது: 71. காலஞ்சென்ற சாலிஹ் என்பவரின் மனைவி. முகவரி: இல. 14, மெசினடிப் பாதை, கொஸ்கொல்லை, உக்குவளை. படிப்பு: இரண்டாம் வகுப்பு. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். சிங்களம் பேசுவேன், வாசிக்க வராது.

நான் மேற்படி முகவரியில் ஐம்பத்து மூன்று வருடமாக இருக்கிறேன். என்னுடன் மருமகள் றமீஸாவும் பேத்தி ஹிதாயாவும் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக்குக் குழாய்த் தண்ணீர் வரவில்லை. எங்கள் வளவில் உள்ள ஒரு கிணற்றில்தான் குடிப்பதும் சமைப்பதும் குளிப்பதும். இந்தக் கிணறு கெட்டால் நாங்கள் மூன்று பெண்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். போக இடம் இல்லை.

இந்த மாதம் 4ஆந் திகதி என்னை இந்த நிலையத்துக்கு அழைத்து வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். அதனால் தமிழ் தெரிந்த சார்ஜன் ஆறுமுகநாதன் வரும்வரை பதின்மூன்று நாள் ஆனது. நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. 1998ஆம் ஆண்டு எங்கள் கிணற்றிலிருந்து நூறு முழத்துக்குள் டீசலில் ஓடும் மின்நிலையம் கட்ட வந்தபோது, வீட்டுக்கு வீடு கரண்ட் தருவதற்குப் பெயர் எழுதுகிறோம் என்று சொல்லி ஒரு சிங்களக் கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். அது மின்நிலையத்துக்கு எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்ற கடதாசி. அந்தக் கடதாசியைக் கொண்டு வந்தவர் பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் றஹீம் ஹாஜியார். அவருடைய வாப்பாவும் 1974இல் எங்கள் பாதையை அடைத்தவர். அது இங்கே தேவையில்லை என்று சார்ஜன் சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதப்படுகிறது.

அதன் பின்னர் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. எண்ணெய்ப் பீப்பாய்களை வேலிக்குப் பின்னால் கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் வடிகானில் இறங்கி எங்கள் பக்கம் வரும். 2001ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் முதன்முதலாக எங்கள் கிணற்றில் எண்ணெய் மணம் வந்தது. அன்று முதல் வெள்ளைத் துணி வெள்ளையாக இல்லை. சோறு மணக்கிறது. தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி வுளூச் செய்யும்போது கையில் தண்ணீர் பிடிப்பதில்லை, உருண்டு ஓடிவிடுகிறது. தோலில் தண்ணீர் படாவிட்டால் வுளூ சேராது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏழு வருடமாக நான் தொழுத தொழுகைக்குக் கணக்கு யாரிடம் கேட்பது என்று மின்நிலைய மனேஜரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். எந்த நாள், என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டாலும் சொல்லுவேன்.

மின்நிலையத்துக்குக் கொடுத்த பத்து வருட அனுமதி வரும் ஜூலை மாதத்துடன் முடிகிறது. இன்னும் பத்து வருடம் நீட்டிக் கேட்டிருக்கிறார்கள். நீட்டுவதற்கு முன் சுற்றாடல் மீளாய்வு நடக்க வேண்டும் என்றும், ஊரார் சொல்ல வேண்டியதை ஜூன் 20ஆந் திகதிக்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் பிரதேச சபைச் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அதுவும் சிங்களமும் இங்கிலீசும்தான். ஹிதாயா வாசித்துச் சொன்னாள். கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் பார்ப்பார்கள் என்று அதில் இருந்ததால் எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஏழு வருடம் வாயால் சொன்னதை இனித் தண்ணீரே சொல்லட்டும் என்று நினைத்தேன்.

மே மாதம் 30ஆந் திகதி வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் றஹீம் ஹாஜியார் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பேசினார். அவர் பேசியது: "ஜமாஅத்தாரே, செவ்வாக்கெழம கவுமெந்து ஆக்கள் நம்மட கிணத்துத் தண்ணி பாக்க வாறாங்க. ஊருட மானம் ஈக்கி. எல்லாரும் கிணத்த எறச்சி, கழுவி, சுத்தமா வெச்சிக்கோங்க."

எங்கள் ஊரில் நோன்புக்கு முன் கிணறு இறைப்போம். கல்யாணம், கந்தூரி என்றாலும் இறைப்போம். வெளியூர் ஆள் வீட்டுக்கு வந்தாலும் இறைப்போம். அழுக்குக் கிணற்றை ஆளுக்குக் காட்டுவது எங்களுக்கு வெட்கம். ஆகவே அவர் சொன்னதில் பிழை இருப்பதாக ஊரில் ஒருவருக்கும் படவில்லை. எனக்கும் படவில்லை. இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது, ஆனாலும் எழுதவும்.

சனிக்கிழமை காலை மின்நிலையத்திலிருந்து இரண்டு தண்ணீர்ப் பம்ப் வந்தன. ஊருக்கு உதவியாம். பத்து வருடத்தில் ஒரு வாளி தராதவர்கள் அன்று பம்ப் தந்தார்கள். ஏன் தந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தந்ததைக் கண்டேன், அதை மட்டும் சொல்கிறேன். அந்தப் பம்பால் எங்கள் கிணற்றையும், பக்கத்து வளவு வேலம்மாவின் கிணற்றையும், பள்ளிவாசல் கிணற்றையும் அடி தெரிய இறைத்தார்கள். அதன் பின்னர் நானும் வேலம்மாவும் தென்னம்பொச்சால் கிணற்று வளையத்தைத் தேய்த்தோம். எண்ணெய் கறுப்பாகக் கழன்று வந்தது. அதையும் வாளியில் அள்ளி வாழைக்கு ஊற்றினோம். வேலம்மா, "வர்ற தொரமாருக்கு மூஞ்சி பாத்துப் பவுடர் போடலாம்போல இருக்குக்கா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதன் பின்னர் ஊறிவந்த நீர் தெளியக் கரியும் உப்பும் போட்டோம். உப்புப் போட்டது நான். இந்தக் கையால்.

ஜூன் மாதம் 3ஆந் திகதி காலை பத்து மணியளவில் சுற்றாடல் அலுவலகத்து உத்தியோகத்தர் ஜீப்பில் வந்தார். மூன்று கிணற்றிலும் ஒவ்வொரு போத்தல் நீர் எடுத்துப் பெயர் ஒட்டினார். எங்கள் கிணற்று நீரை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, நல்ல தண்ணீர் அல்லவா ஆச்சி என்று சிங்களத்தில் கேட்டார். நான் "ஓம் மாத்தயா, நல்ல தண்ணி" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. றமீஸா பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள். அதுவும் மணக்கவில்லை.

ஜீப் போன பிறகு வேலம்மா வேலியோரம் வந்து நின்றாள். அவள் கேட்டது: "ஸுபைதாக்கா, அவுங்க பாக்க வந்ததே அந்த அழுக்கத்தானேக்கா? அத நம்ம வாழைக்குல்ல ஊத்திட்டோம்?"

அதன் பின்னர் நான் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜீப் போன வழியே மின்நிலையத்துக்கு ஓடினேன். அங்கே வாயிலில் ஜீப் நின்றது. உத்தியோகத்தர் மனேஜருடன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அரை மணித்தியாலம் வெயிலில் நின்றேன். அவர் வெளியே வந்ததும் நடந்ததை முழுதாகச் சொன்னேன். கிணறு இறைத்து மூன்று நாள்தான் ஆகிறது, இது எங்கள் தண்ணீர் இல்லை, இரண்டு கிழமை கழித்து வந்து எடுங்கள் என்று கேட்டேன். ஒருமுறைதான் எடுப்போம் என்றார். அப்படியானால் கிணறு இறைத்ததை உங்கள் கடதாசியில் எழுதுங்கள் என்றேன். அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார். பக்கத்தில் ஓரம் இருக்கிறதே, அதில் எழுதுங்கள் என்றேன். மனேஜர் அவரிடம், "காலையில் நல்ல தண்ணி என்று சொன்னதும் இந்த ஆச்சிதானே" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதன் பின்னர் நான் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பெட்டியை எடுத்தேன். மூன்று போத்தலையும் ஒவ்வொன்றாகத் திறந்து வாயிலில் ஊற்றினேன். காவற்காரர் பிடிக்க வந்தார். நான் அவருடைய உம்மாவைவிட மூத்தவள், தொட வேண்டாம் என்றேன். அவர் தொடவில்லை. உத்தியோகத்தரை நான் அடிக்கவுமில்லை, தள்ளவுமில்லை. ஏசினேன். என்ன ஏசினேன் என்று முறைப்பாட்டில் எழுதியிருப்பது குறைவு. வெறும் போத்தல்களை வீட்டுக்குக் கொண்டு போனேன். உங்களுக்குப் போத்தல் வேண்டுமானால் தண்ணீருடன் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டே போனேன். திருட்டு என்றால் சொல்லிவிட்டுப் போவார்களா?

அடுத்த நாளே முறைப்பாடு வந்தது. நீர் எடுக்க மட்டும் ஒருவரும் வரவில்லை. ஹிதாயா அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் போட்டாள். பதில் இல்லை. அந்த நாள் முதல் மூன்று கிணற்றையும் ஒருவரும் இறைக்காமல் பார்த்துக்கொண்டேன். ஆறாம் நாள் நீரில் வானவில் போல எண்ணெய்ப் படை வந்தது. பத்தாம் நாள் மணந்தது.

நேற்று அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் கிணற்றில் ஒரு போத்தலும், வேலம்மாவின் கிணற்றில் ஒரு போத்தலும் நிரப்பினேன். ஒட்டிய பெயர் மாறாமல் அந்தந்தப் போத்தலில் அந்தந்தக் கிணற்று நீரையே எடுத்தேன். பள்ளிவாசல் கிணற்றடிக்குப் பெண்கள் போவதில்லை. ஆகவே மூன்றாம் போத்தலை றஹீம் ஹாஜியாருக்கு வேலம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். அவர் தானே நிரப்பிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் வைத்தார். "ராத்தா, நான் ஊருட மானத்துக்குத்தான் சென்ன" என்றார். நான் போத்தலை எடுத்து உள்ளே வைத்தேன். தேத்தண்ணி கொடுக்கவில்லை.

இன்று காலை மூன்று போத்தலையும் துணியில் சுற்றிப் பன்பைக்குள் வைத்து பஸ்ஸில் ஏறினேன். வழியில் உள்ள சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பையைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு சின்ன வயது ஆமிக்காரர் போத்தலை எடுத்துப் பார்த்தார், மூடியைத் திறந்து மணந்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மேக்க தெல் நே, ஆச்சி" என்றார். இது எண்ணெய்தானே என்று அர்த்தம். பஸ்ஸில் குண்டு வெடிக்கிற காலத்தில் எண்ணெய் கொண்டு போகக் கூடாது என்று தெரியாதா என்று ஏசினார். எண்ணெய் இல்லை மகன், நாங்கள் குடிக்கிற தண்ணீர் என்றேன். அவர் நம்பவில்லை. மற்ற இரண்டையும் மணந்து பார்த்தார். மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவரும் மணந்தார். இரண்டு பேர் மணந்தார்கள், எண்ணெய் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அதன் பின்னர் அவர்கள் என் அடையாள அட்டை இலக்கத்தையும் பெயரையும் புத்தகத்தில் எழுதினார்கள். மூன்று போத்தல் எண்ணெய், கொஸ்கொல்லை, என்று எழுதியதாக அந்த ஆமிக்காரர் வாசித்துச் சொன்னார். போத்தல்களைப் பறிமுதல் செய்யப் பார்த்தார்கள். அவை பொலிஸ் வழக்குப் பொருள் என்று ஹிதாயா எழுதித் தந்த துண்டைக் காட்டியதால் திருப்பித் தந்து, பஸ்ஸில் ஏற வேண்டாம் என்று முச்சக்கர வண்டி பிடித்து விட்டார்கள்.

ஏழு வருடமாக என் கிணற்றைப் பற்றி அரசாங்கத்து ஆள் ஒருவர் உண்மை எழுதியது அந்தச் சாவடிப் புத்தகத்தில் மட்டும்தான். அதுவும் என்னைப் பயங்கரவாதி என்று நினைத்து எழுதினார்.

இப்போது மூன்று போத்தலையும் இந்த மேசையில் வைத்திருக்கிறேன். போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு நீரை வெளியே ஊற்றிவிட்டு வருமாறு சார்ஜன் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. முறைப்பாட்டில் நீர் மாதிரி அடங்கிய மூன்று போத்தல் என்று எழுதியிருக்கிறது. நான் நீர் அடங்கிய மூன்று போத்தலைத்தான் திருப்பிக் கொடுக்கிறேன். இது முன்பு எடுத்த நீர் இல்லை என்று உத்தியோகத்தர் சொன்னால், என்ன வித்தியாசம் என்று அவர் நீதிமன்றத்தில் சொல்லட்டும். அதற்குப் பிறகு எனக்குத் தண்டனை தந்தால் ஏற்றுக்கொள்வேன்.

சார்ஜன் இரண்டாம் போத்தலின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு இறுக்கி மூடி, மூன்றுக்கும் அரக்கு வைத்து முத்திரை குத்தினார். அரச இரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்ப நீதிமன்றத்தில் அனுமதி கேட்பதாகவும், சாவடிப் புத்தகப் பிரதியைக் கோருவதாகவும் அவர் சொன்னதை இதில் எழுதச் சொன்னேன். எழுதப்பட்டது. அனுமதி நீட்டுவதற்கு எதிராகச் சொல்ல இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இந்த வாக்குமூலத்தின் ஒரு பிரதியை எனக்குத் தர வேண்டும். அதை நானே அலுவலகத்துக்குக் கொண்டு போய்க் கொடுப்பேன். படிவத்தில் இடமில்லை என்றால் ஓரத்தில் குத்தி வைக்கட்டும்.

இதில் சொன்னது அனைத்தும் நான் கண்டதும், கேட்டதும், என் கையால் செய்ததும் ஆகும். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் மிரட்டவில்லை. எனக்குத் தமிழில் இருமுறை வாசித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் "கிணறு சுத்தம் செய்யப்பட்டது" என்று இருந்ததை "நாங்களே சுத்தம் செய்தோம்" என்று மாற்றச் சொன்னேன். மாற்றிய இடத்தில் தனியாகக் கையெழுத்திட்டேன்.

கா. லெ. ஸுபைதா உம்மா

என் முன்னிலையில் எழுதி, வாசித்து, ஒப்பமிடப்பட்டது. நீர் நிரம்பிய மூன்று போத்தல்கள், எண்ணெய் மணத்துடன், பொறுப்பேற்கப்பட்டன.

ஆறுமுகநாதன், பொலிஸ் சார்ஜன்
பிற்பகல் 1.15