ஷோரூம் வாசல் வரை

சனிக்கிழமை மதியம் கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில், ஒரு தோசைக் கடை வாசலில் டேபிளுக்குப் பெயர் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். பக்கத்தில் ஐம்பது வயதுத் தம்பதி. மனைவி திடீரென்று சொன்னார்:

"அந்த பிரிட்டிஷ் கார் கம்பெனி பொழைக்கணும்னு நான் டெய்லி வேண்டிக்கிறேன்."

கணவர் போனிலிருந்து நிமிர்ந்தார். "உனக்குதான் காரே பிடிக்காதே?"

"உங்களுக்குப் பிடிக்குமே. ஞாயித்துக்கிழமையானா ஷோரூமுக்குப் போய் கண்ணாடி வழியா பாத்துட்டு வருவீங்க. லே-ஆஃப்ல உங்க வேலை போனதுலேர்ந்து அந்தப் பக்கமே போறதில்ல."

"வாங்க முடியாதுன்னு ஆனப்புறம் எதுக்குப் போறது?"

"முன்ன மட்டும் வாங்கினோமா?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பழைய மாடலையெல்லாம் நிறுத்திட்டாங்க. புதுசு இன்னும் வரல. பொழைக்கிறது கஷ்டம்தான். ஷோரூம்ல ஒரு கார்கூட இருக்காது."

"இருக்கற வரைக்கும் பாக்கலாம். இந்த தடவை நானும் வர்றேன்."

"எப்போ?"

"இப்பவே."

"தோசை?"

"வந்து சாப்பிடலாம்."

உள்ளிருந்து அவர்கள் பெயரைக் கூப்பிட்டபோது, இருவரும் பார்க்கிங் லாட்டைப் பாதி கடந்திருந்தார்கள். கணவர்தான் முன்னால், வேகமாக நடந்துகொண்டிருந்தார்.