தொட்டி கிடந்த இடம்

எனக்குச் சின்ன வயசிலிருந்தே அடைசல் ஆகாது, மேடம். இந்த ஸ்டேஷனில்கூடப் பாருங்கள், ஜன்னலை மறைத்துப் பழைய பீரோவை நிறுத்தியிருக்கிறீர்கள். ஒரு முழம் நகர்த்தினால் வெளிச்சம் வரும். வந்து உட்கார்ந்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அப்பா மாயகிருஷ்ணன், ஆடு மேய்த்து, அப்புறம் மானாவாரிக் காட்டில் கம்பும் உளுந்தும் விதைத்து எங்களை ஆளாக்கியவர். அம்மா போன பிறகு கடம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டில் தனியாகத்தான் இருந்தார். கண்ணில் அழுத்தம் கூடி இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆனாலும் ஒருத்தர் கையையும் பிடிக்கமாட்டார், கம்பு ஊன்றமாட்டார். எழுந்ததும் கை குலுக்கையைத் தொடும். சோளம் கொட்டிவைக்கிற பெரிய மண் குலுக்கை அது. அங்கிருந்து மரப்பெட்டி, அப்புறம் பின்வாசல் நிலை, வெளியே ஆட்டுரல், அதைத் தாண்டி ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிற கல்தொட்டி. அதில் முகம் கழுவிவிட்டு அதே வழியில் திரும்புவார். புதிதாகப் பார்க்கிறவர்கள் கண் தெரியாத ஆள் என்று சொல்லமாட்டார்கள்.

தொட்டிக்கு அந்தப் பக்கம் கிணறு. ஒரு மழையில் கைப்பிடிச்சுவர் சரிந்துபோனது. அந்தத் திறப்பை அடைக்கத்தான் அப்பா ஆள் வைத்து நெம்பி, தொட்டியை அங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. பிள்ளையை ஜூனில் அங்கே சேர்க்க வேண்டும். அப்பா கிளம்பினால் எல்லாரும் போகலாம். இல்லையென்றால், கோவில்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து சோறாக்கி வைக்கிற இதே பிழைப்புதான் எனக்கு. அண்ணன் செண்பகராஜ் துபாயில் இருந்துகொண்டு, "நீ பாத்துக்கிடுத, எனக்கென்ன கவலை" என்பான். நோகாமல் சொல்லிவிடுவான். எனக்கு அலுத்துப்போய்விட்டது, மேடம். அதை மறைக்கவில்லை.

அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். "அங்கன வந்து நான் எதைப் பிடிச்சு நடக்க? இங்கன கெடக்க சாமான்தாம்ட்டி எனக்குக் கண்ணு. என்னையக் கொண்டு போவணும்னா நாலு பேரைக் கூட்டிட்டு வா" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாமானைக் குறைத்தால் வீட்டின் மேல் பிடிப்பும் குறையும் என்று நினைத்தேன். செல்போனில் ஒரு அம்மா அழகாகச் சொல்கிறார். வயசானவர்கள் வீட்டில் வேண்டாததை ஒழித்துவிட வேண்டும், நடக்கிற வழியில் எதுவும் கிடக்கக்கூடாது, இடறி விழுந்தால் இடுப்பு போய்விடும் என்று. நல்ல விஷயம்தானே. முதலில் குலுக்கையை உடைத்து அள்ளினேன். மறுநாள் அப்பா முன்கூடத்தில், அந்தப் பட்டாசல் நடுவில் கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார், சொந்த வீட்டுக்குள் வழி தெரியாமல். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, சுவரைத் தொடவைத்து, புது வழி பழக்கினேன். மரப்பெட்டியை எடுத்தபோதும் அப்படித்தான். "பாவி மட்ட, என் கண்ணைப் பிடுங்குத" என்று ஏசுவார், பிறகு பழகிவிடுவார். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். ஓசூருக்கு வருகிறேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

தொட்டியைக் கேட்டவன் பழைய சாமான் எடுக்கிற சின்னக்கருப்பன். பங்களாக்காரர்கள் அதில் தாமரை வளர்க்கிறார்களாம். அவன் வருகிற அன்று அப்பாவை முடிவெட்ட ஆட்டோவில் கடம்பூருக்கு அனுப்பினேன். முடி வளர்ந்திருந்தது, அது உண்மை. குட்டியானை வண்டியைப் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவன் தயங்கினான்.

"யக்கா, இதை எடுத்தா கிணறு தொறந்து கெடக்குமே. பெரியவருக்குக் கண்ணு வேற தெரியாது."

"நாளைக்குக் கொத்தனார் வாராரு. நீ ஏத்து" என்றேன்.

நான் எந்தக் கொத்தனாரையும் கூப்பிடவில்லை. சின்னக்கருப்பன் உங்களிடம் வந்து சொல்லியிருப்பான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அப்பா சாயங்காலம் திரும்பினார். கையில் போளிப் பொட்டலம். எனக்குப் பிடிக்கும் என்று ஆட்டோவை நிறுத்தச் சொல்லி வாங்கியிருக்கிறார்.

"ஏட்டி பிரியா, வண்டி வந்துட்டுப் போச்சாமே, தெருவுல சொல்லுதாவ. எதைட்டி எடுத்த?"

"பரண்ல கெடந்த ஓட்டைப் பானையப்பா."

"தொட்டி கெடக்குல்லா?"

"அங்கனதாம்ப்பா கெடக்கு. அது எங்க போவும்."

"சரி, ஆறதுக்குள்ள தின்னு" என்றார். தின்றேன். நெய் மணத்தோடு நன்றாகவே இருந்தது. அன்று அங்கேயே தங்கினேன்.

விடிந்தபோது அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் பின்பக்கம் முழுக்கத் தெரியும். ஜன்னலை மறைத்த மூட்டைகளை நான்தான் ஒழித்திருந்தேன். அப்பா நிலையைத் தொட்டார். ஆட்டுரலைத் தொட்டார், அதை மட்டும் நான் எடுக்கவில்லை. அடுத்துக் கையை நீட்டினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. நின்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் திரும்பி வந்திருப்பார். மகள் அல்லவா தொட்டி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். இன்னும் ஒரு எட்டு வைத்தால் கைக்கு வரும் என்று நினைத்திருப்பார்.

"ஏட்டி" என்று கூப்பிட்டார், சத்தமாகக்கூட இல்லை. நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குரல் வந்த பக்கம் திரும்பியிருப்பார்.

கரிசல் காட்டுக் கிணறு, மேடம். தண்ணீர் கொஞ்சம்தான், கீழே பாறை. டீயை இறக்கி வைத்துவிட்டுத்தான் தெருவுக்கு ஓடினேன். பால் பொங்கினால் அடுப்பெல்லாம் பாழ்.

செய்தது நான்தான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தள்ளவில்லை, விரலால்கூடத் தொடவில்லை. அப்பாவுக்குக் கெடுதல் நினைக்கிற பிள்ளை இல்லை நான். காரியம் முடிந்து சனம் கலைந்ததும் அவருடைய கட்டிலையும் தூக்கி வெளியே போட்டுவிட்டு, பட்டாசலை அலசிவிட்டேன். இப்போது முன்வாசலில் நின்றால் கிணறு வரைக்கும் தெரிகிறது, குறுக்கே ஒரு சாமான் இல்லை. அப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.