சாவியோடு கட்டிய தக்கை

கதவைச் சாத்திவிட்டு அடுப்பருகே வாருங்கள். விறகு ஈரம், கொஞ்சம் புகையும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது என் மனைவியின் சித்தப்பா தைஸ்தோவுக்கு நடந்தது. நவம்பர் மாதம், மாலை ஐந்தரை. எங்கள் பின்லாந்தில் அந்த நேரத்துக்கே மை இருட்டு. ஊரிலிருந்து ஏரிக்கரைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் மண்சாலை, வழியில் ஒரு வீடு கிடையாது. தனியாக வண்டியில் போய்க்கொண்டிருந்தார். அன்றிரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்து டிகிரி என்று வானொலி சொல்லிவிட்டது. படகு எஞ்சினில் தேங்கிய தண்ணீர் உறைந்தால் இரும்பே பிளந்துவிடும். அதை வடித்து, படகைக் குளிர்காலத்துக்கு மூடிவைக்கத்தான் போனார்.

போயிருக்க வேண்டியவன் கூட்டாளி ஹன்னெஸ். கடைசி நேரத்தில் போன் செய்தான்.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சுப்பா. வீட்டுல லெம்பியும் இல்ல, அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா, தைலம் தேய்க்கக்கூட ஆளில்ல. நீயே போய் மூடிட்டு வந்துரேன்."

"படகை மூடுற நாளாப் பார்த்துத்தான் உனக்கு இடுப்பு பிடிக்கும்," என்றார் தைஸ்தோ. ஆனாலும் போனார். ஹன்னெஸிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. காரணம் இருக்கிறது.

முன்பு அந்தப் படகுக்கு மூன்று பேர் பங்கு. மூன்றாமவன் ரைனே. குளிர்காலத்துக்குப் படகைக் கரையேற்றியதும் அடியிலுள்ள பித்தளைத் தக்கையைப் பிடுங்கிவிடுவார்கள். உருகும் பனி தேங்காமல் ஓட்டை வழியே வடிந்துவிடும். பிடுங்கிய தக்கையைப் படகுச் சாவியோடு நூலில் கட்டிக் கொட்டகை ஆணியில் மாட்டுவது அந்தக் கரையின் வழக்கம். சாவி தனியாகத் தொங்கினால், தக்கை படகில் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் தைஸ்தோதான் படகை மூடினார். அடுத்த வாரம் திடீரென்று வெயிலடித்தது. விட்டுப்போன வலை ஒன்றை எடுக்க ரைனே போனான். சாவி தனியாகத் தொங்கியது. ஓடும்வரை தக்கை இல்லாத படகிலும் தண்ணீர் ஏறாது... நடு ஏரியில் வலையருகே நிறுத்தினால் ஏறும். படகு கிடைத்தது. ரைனே கிடைக்கவில்லை.

"கட்டித்தான் மாட்டினேன்" என்று தைஸ்தோ சொல்லிச் சொல்லி மாய்ந்தார். ஊர் நம்பவில்லை. ரைனேயின் மனைவி லெம்பி, கடையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஹன்னெஸ் ஒருவன்தான் தோளில் கைபோட்டான். "மறதி யாருக்குத்தான் இல்ல? நான் உன்னைத் தப்பா நினைக்கலப்பா." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் உயிரோடு இருந்தார். போன வசந்தத்தில் ஹன்னெஸ் லெம்பியைக் கட்டிக்கொண்டபோதுகூட, நல்லாயிருக்கட்டும் என்றே நினைத்தார்.

அன்று கரையில் ஈ காக்கை இல்லை. முன்பே கரையேற்றியிருந்த படகின் எஞ்சின் தண்ணீரை வடித்தார். உறையாமல் காக்கும் மருந்தை ஊற்றினார். இனிப்பான, குமட்டும் வாடை. பிறகு படகின் புதுத் தக்கையைப் பிடுங்கினார். சொட்... சொட்... சொட்... சரியாக வடிகிறதா என்று இருட்டில் ஓட்டைக்கடியில் உள்ளங்கையை நீட்டினார்.

சொட்டு நின்றது.

கையில் ஏதோ வைக்கப்பட்டது. மெல்ல... ஒருவர் இன்னொருவரிடம் கொடுப்பது மாதிரி. வைத்த விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன. பாசி நாற்றம் குப்பென்று அடித்தது.

டார்ச் அடித்தார். யாருமில்லை. உள்ளங்கையில் பழைய பித்தளைத் தக்கை. அதில் நீல நூல். அவர் போடும் இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. முடிச்சுக்கு அரை விரல் தள்ளி, நூல் கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது.

கட்டித்தான் இருக்கிறார். மறக்கவில்லை. அந்தக் குளிரில் தைஸ்தோ வாய்விட்டு அழுதார்.

போன் அடித்தது. ஹன்னெஸ். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"தைஸ்தோ... நீ இங்க வந்தியா? கூடத்து டிராயரைத் திறந்தியா?"

"நான் ஏரிக்கரையில இருக்கேன். டிராயர்ல என்ன வச்சிருந்த?"

ஹன்னெஸ் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணுமில்ல. பழைய தக்கை ஒண்ணு. அதைக் காணோம். தரையெல்லாம் தண்ணி. நான் அறைக்குள்ள பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அதை ஏன் தூக்கியெறியாமல் வைத்திருந்தான் என்று என்னைக் கேட்காதீர்கள். தைஸ்தோ அதையெல்லாம் யோசிக்கவில்லை. தோளில் விழுந்த அந்தக் கையை மட்டும்தான் நினைத்தார். அறுத்த கை. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டு, ஆறுதலும் சொன்ன கை.

போனுக்குள் சத்தம் கேட்டது. சளப்... சளப்... சளப். ஈரக் கை மரக்கதவில் விழும் சத்தம்.

"யாரோ அறைக்கதவைத் தட்றாங்க," என்று ஹன்னெஸ் கிசுகிசுத்தான். "நீதானே? விளையாடாதப்பா. தைஸ்தோ... நீதானே?"

தைஸ்தோ ஏரியைப் பார்த்தார். கரையோரம் மெல்லிய பனித்தகடு படிந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும், உள்ளிருந்து யாரோ ஏறிவந்த மாதிரி, உடைந்திருந்தது. தக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா, நான்தான்," என்றார். "கதவைத் திற."