பச்சைமண் குதிர்

வாய்க்காலில் தண்ணீர் சொன்ன தேதிக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஒன்று பிந்தும், இல்லை முந்தும். இந்த வருடம் ஒரு நாள் முந்திவிட்டது. அவ்வளவுதான் நடந்தது, இன்ஸ்பெக்டர் சார். மற்றதையும் கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

என் பெயர் தியாகராசன். திருவையாற்றுக்குப் பக்கத்தில், அப்பாவின் நெல்வயலை மேடாக்கி இந்தக் கலைக் கல்லூரியைத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. எங்களிடம் சட்டம் போட்ட ஓவியம் கிடையாது, மேடை கிடையாது, செய்தவர் கையெழுத்தும் கிடையாது. கோடையில் வறண்டு கிடக்கும் வாய்க்காலுக்குள் பிள்ளைகள் மண்ணால் உருவங்கள் செய்வார்கள். புதுத்தண்ணீர் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். ஃபோட்டோகூட எடுக்கக் கூடாது. கலை என்றால் சேர்த்துவைப்பது என்ற பழக்கத்தை உடைக்கத்தான் கல்லூரியே. ஊர் சிரித்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

ஷிஃபா மூன்றாம் வருடம். அங்கே இருந்தவர்களில் அவள்தான் கெட்டிக்காரி, என்னையும் சேர்த்தே சொல்கிறேன். ஆள் உயரத்துக்கு ஒரு குதிர் செய்தாள். நெல் கொட்டிவைக்கும் அதே வடிவம், சுடாத பச்சைமண். அவள் உள்ளே உட்கார்ந்து பேசுவாள். வருகிறவர்கள் சுவரில் காதை வைத்துக் கேட்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒருநாள் வந்து நின்றாள். "சார், சென்னையில ஒரு கேலரியில கேக்குறாங்க. முடிஞ்சதும் சூளை போட்டுச் சுட்டு எடுத்துட்டுப் போயிடறேன். அத்தா துபாய்லேருந்து வர்றாங்க, பாக்கணும்னு ஆசைப்படறாங்க."

"இங்க எதையும் வச்சுக்கிறதில்லம்மா," என்றேன்.

"குதிரு செய்யறதே வச்சுக்கத்தானே சார்?"

என்னையே எதிர்த்துக் கேட்டாள். பதினோரு வருடத்தில் அதுதான் முதல்முறை.

தண்ணீர் வருவதாகச் சொன்ன தேதிக்கு முந்தின நாள் காலை உள்ளே இறங்கினாள். குதிரின் வாயை மண் பூசி அடைத்தது நான்தான்; அது ஆசிரியர் வேலை. மூச்சுக்கு ஒரு துளை இருந்தது. பார்வையாளர்களை அழைத்துவர மற்ற பிள்ளைகள் வேனில் போயிருந்தார்கள். மதகு பார்க்கும் செல்லதுரை ஃபோன் செய்தார்.

"சார், இன்னிக்கே ஷட்டரத் தூக்கச் சொல்லிட்டாங்க. வாய்க்கால்ல புள்ளைங்க இருந்தா ஏத்திடுங்க."

"யாரும் இல்லைங்க, தொறங்க," என்றேன்.

கரையில் உட்கார்ந்தேன். நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்து குதிரின் அடியைச் சுற்றியது. முதலில் அவள் ஒத்திகையாகப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். பிறகு தட்டினாள். மண் அவள்மேல் சரிய முக்கால் மணி நேரம் ஆனது. பத்தடி தூரம்தான். எனக்கு நீச்சலும் தெரியும். ஆனால் மாணவரின் படைப்பில் ஆசிரியர் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் விதி.

அவள் அம்மா கமருன்னிஸா ஸ்டேஷன் வாசலில் நிற்பதாகச் சொன்னீர்கள். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று அவரிடம் சொல்லுங்கள். கலைக்காகத்தான் செய்தேன். எனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

என் ஃபோனில் ஒரு படம் இருக்கிறது. குதிர் பிளந்தபோது எடுத்தது. வெளிச்சம் அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது. அதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.