நம்ம பிளேன் வந்துருச்சு

ஓடுகிறேன். கையில் மகள் நஸ்ரினின் செருப்பு. முதல் குண்டு கடற்கரையில் விழுந்துவிட்டது. இப்போது இரண்டாவது. ஊரே தெருவுக்குள் ஓடுகிறது. நான் கடலைப் பார்த்து ஓடுகிறேன். நஸ்ரின் அங்கேதான் இருக்கிறாள்.

"ஏ பிள்ள, அங்கன போகாத! படுத்துரு!"

பின்னாலிருந்து யாரோ கத்துகிறார்கள். படுக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து சோறு வைக்கிற நேரம். சைரன் ஊதியது. நானும் வீட்டுக்காரர் காசிமும் நஸ்ரினும் பதுங்குகுழிக்குள் போனோம். பெரிய பயமெல்லாம் இல்லை. எங்கள் சேதுநாடு சின்ன நாடு. வெள்ளைக்காரன் போன நாளிலிருந்து தனி நாடு. யார் சண்டைக்கும் போகாது. ஆனால் விமானப்படை மட்டும் பெரிசு. பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பெரிய நாடுகளிடமும் அவ்வளவு விமானம் கிடையாது. பரமக்குடி வரை ரோடு பல்லிளித்தது. ரோட்டுக்கு இல்லாத காசு விமானத்துக்கு வந்தது. எங்களுக்கும் அதில் பெருமைதான்.

அந்நிய விமானம் எல்லைக்குள் வந்தால் உச்சிப்புளி தளத்திலிருந்து எங்கள் விமானங்கள் கிளம்பும். சுடாது. இரண்டு பக்கமும் கூடவே பறந்து, எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு வரும். மாப்பிள்ளை ஊர்வலம் என்று கேலி பேசுவோம். அதைக் கண்டதும் கரையோரப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார். பிள்ளைகள் கையாட்ட ஓடும். அதுதான் ஏர்வாடியில் வழக்கம்.

அன்றைக்கும் கூப்பிட்டார். "நம்ம பிளேன் வந்துருச்சு. எல்லாரும் வெளிய வாங்க."

நஸ்ரின் வெறுங்காலோடு ஓடினாள். மஞ்சள் வால் விமானம் அவள் மாமாவுடையது. என் தம்பி ஹாரிஸ். கரையைக் கடக்கும்போது மருமகளுக்காக வலது இறக்கையைச் சாய்த்துக் காட்டுவான். காசிம் அவள் பின்னால் போனார். மணல் சுடுமே என்று நான் செருப்பைத் தேடி எடுத்தேன். வெளியே வந்து நிமிர்ந்து பார்க்கிறேன். இறக்கை சாய்கிறது. நடுவில் பறந்த அந்நிய விமானத்தின் வயிறு திறக்கிறது. விசில் சத்தம். பிறகு காது அடைத்துவிட்டது.

கடைசிக் குண்டு விழும்வரை எங்கள் விமானங்கள் கூடவே பறந்தன. ஒரு தோட்டா போகவில்லை. எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள்.

தவறுதலாக விழுந்துவிட்டது என்று குண்டு போட்ட நாடு வருத்தம் தெரிவித்தது. எங்கள் அரசு அதை ஏற்றுக்கொண்டது. நான் ஏற்கவில்லை.

சாயங்காலம் ஹாரிஸ் சீருடையோடு வந்தான். அடக்கத்துக்குக் கொண்டுபோக வாசலில் இரண்டு சந்தூக்குகள். ஒன்றில் கனமே இல்லை.

"லாத்தா, உத்தரவு வரல. கேட்டுக்கிட்டே இருந்தேன். சுடாதன்னுட்டாங்க."

"தோட்டா இருந்துச்சா?"

தலையாட்டினான். சந்தூக்குக்குத் தோள் கொடுக்க வந்தான். கையைத் தட்டிவிட்டேன்.

"நீ தொடாத."

தாய்மாமன் தோள் இல்லாமலே என் பிள்ளை கபருக்குப் போனாள்.

இன்றைக்கும் வயிறு எரிகிறது. மன்னித்தால் நன்மை உண்டு என்று ஹஜ்ரத் சொல்லிப் பார்த்தார். அந்த நன்மை எனக்கு வேண்டாம். மறுமையில் மூன்று பேர் சட்டையைப் பிடிப்பேன். குண்டு போட்டவன். சுடாதே என்றவன். கேட்டுக்கொண்டே பறந்தவன். மூன்றாமவனைத்தான் முதலில் பிடிப்பேன்.

சேதுநாடு இன்னும் நடுநிலையாகத்தான் இருக்கிறது. நீங்கள் மறந்துவிடக் கூடாது என்று அன்று போனதன் கணக்கைச் சொல்கிறேன். என் மகள் நஸ்ரின். என் வீட்டுக்காரர் காசிம். ஒலிபெருக்கியில் கூப்பிட்ட மோதினார். கையாட்ட ஓடிய பிள்ளைகளில் இன்னும் பதினோரு பேர். கரையில் ஏற்றிப் போட்டிருந்த வள்ளங்கள் அத்தனையும்.

எங்கள் விமானங்களில் ஒன்றுகூடப் போகவில்லை.