பிலிம் மாட்டிக் கொடுத்தவன்

டீயை முதலில் குடியுங்கள், ஸ்ரீலட்சுமி. கீழ்க்கடை ஜெஸ்லின் இஞ்சியைத் தாராளமாகப் போடுகிறவள். ஆறிவிட்டால் தொண்டையைக் காறும். இந்தப் பழவங்காடிக் கடைத்தெருவில் பிலிம் கழுவும் எவனுக்கும் இவ்வளவு காற்று வரும் மாடி அறை கிடையாது. ஒரே குறை படிக்கட்டுதான். உங்கள் அப்பா நீலகண்டன் அண்ணாச்சி எழுபத்துமூன்று வயதில் அதை வாரம் தவறாமல் ஏறுகிறார் என்றால், அது அவருடைய நல்ல மனசு.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்பது வெற்றுப் பிலிம் ரோல்களையும் கேமராவில் மாட்டியது நான்தான். அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்துப்போய்ச் சென்னையில் காட்டினீர்களே, அந்த லேப்காரர் சொன்னது சரி. அவை கேமராவுக்குள் ஓடவே இல்லை.

அண்ணாச்சியுடையது பழைய ரேஞ்ச்பைண்டர் பிலிம் கேமரா. பின்கதவைத் திறந்து, பிலிமின் நாக்கை உருளையின் பிளவில் செருகி, லீவரை ஒரு தடவை தள்ளி, பிலிமின் ஓரத் துளைகளில் சக்கரத்தின் பல் கடித்திருக்கிறதா என்று பார்த்து மூட வேண்டும். சர்க்கரையால் அவருக்கு விரல் நுனி மரத்துப்போயிருந்தது.

"வே குற்றாலலிங்கம், பிளவு எங்க இருக்குன்னே விரலுக்குத் தெரியல்ல கேட்டீரா. நீரே மாட்டித் தாரும்," என்றார்.

முதல் ரோலை ஒழுங்காகத்தான் மாட்டினேன். செம்பருத்தி, பூனை, கொடியில் காயும் சேலை என்று முப்பத்தாறும் பளிச்சென்று வந்தன. பார்த்தார், "கொள்ளாம் வே" என்று மெச்சினார், ஐந்து நிமிடத்தில் இறங்கிப் போய்விட்டார். ஆறு வாரம் ஆளைக் காணோம்.

அடுத்த ரோலில் நாக்கு தானாக நழுவியது. சத்தியமாக அது தற்செயல். நழுவினாலும் லீவர் நகரும், ஷட்டர் சொடுக்கும், எண் ஏறும். எடுப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கழுவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வெறுமை. அண்ணாச்சி அன்றைக்கு, நீங்கள் இருக்கும் அந்த நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டீ, பழம்பொரி, உங்கள் துபாய் வேலை, ஸ்டேடியத்தில் அவர் பார்த்த பழைய பந்தாட்டங்கள். நான் தென்காசியை விட்டு வந்து முப்பது வருஷம். அத்தனை வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

"ஷட்டர் ஒட்டுது அண்ணாச்சி. சரி பண்ணித் தாரேன், அடுத்த ஞாயித்துக்கிழம வாங்க," என்றேன்.

வந்தார்.

அதற்குப் பிறகு நானாகவே நழுவவிட்டேன். ஒழுங்காகச் செருகிக் காட்டிவிட்டு, கதவை மூடும்போது கட்டைவிரலால் ஒரு சின்னத் தள்ளு. அவ்வளவுதான் வேலை.

உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது மூன்றாவது வெற்று ரோலின்போது தெரிந்தது. மருந்தில் முடி கொட்டிய பிறகு போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். உங்களிடம்கூடக் குரல் மட்டும்தானாமே. இந்தக் கேமராவுக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார். தலையில் பட்டுத்துணி கட்டி, பொட்டு வைத்து, ஜன்னலோரம் உட்காருவாராம்.

"பிரேமா சிரிக்கா வே," என்றார் அண்ணாச்சி. "மகளுக்கு இப்பம் லீவு கிடைக்கல்ல. இதையாவது அவளுக்கு அனுப்பணும்."

நான் கேமராவை வாங்கி, துடைத்து, மாட்டிக் கொடுத்தேன்.

ஒன்பதாவது வெற்று ரோலை மாட்டிய அன்றைக்கு அம்மாவே போனில் பேசினார்.

"லிங்கண்ணே, இந்தத் தடவையாவது படம் கிட்டுமா? இனி எழும்பி உட்கார வய்யா, தெம்பில்ல."

"கிட்டும்மா, கொழப்பமில்ல," என்றேன்.

எட்டு நாளில் இறந்துபோனார். மாலை போட ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினீர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அதில் யாருமே நன்றாக விழுவதில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பதிந்த ஒரு படத்தைக்கூட நான் அழித்ததில்லை. அது தொழிலுக்குச் செய்யும் துரோகம். ஒன்பது ரோல்களையும் சூடு பார்த்து, நேரம் பார்த்து, புது மருந்தில்தான் கழுவினேன். அவற்றில் ஏதாவது இருந்திருந்தால் நிச்சயம் வந்திருக்கும்.

அண்ணாச்சி இப்போதும் ஞாயிறு பத்து மணிக்கு வருகிறார். வெற்றுப் பிலிமிலிருந்து உருவத்தை மீட்க ஜெர்மனியிலிருந்து ஒரு மருந்து வர வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அப்படி ஒரு மருந்து கிடையாது. ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் தெளிவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். போலீஸுக்குப் போவதென்றால் போங்கள், தடுக்க மாட்டேன். அண்ணாச்சியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை. பாவம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் போய் உட்கார அவருக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?